எபநேசர் இன்னும் தெரிகிறார்

ஞாயிறு காலை ஒன்பது பத்துக்கு
எபநேசரை நீக்கினேன்.
யாகூப் சார் சொன்னது அவ்வளவுதான்:
கோடைச் சலுகைப் பக்கத்தில் அந்த ஆள் வேண்டாம்,
நம்பரையும் மாற்று.

நீலத் தொப்பி, கையில் ஸ்பானர்,
பின்னால் ரூவி மலையின் வெந்த பாறை.
சட்டையில் இரண்டாவது பித்தான் மட்டும் பழுப்பு.
போன வருஷம் அதை நான்தான்
கணினியில் வெள்ளையாக்கினேன்.
அவரிடம் சொன்னதில்லை.

அதே இடத்தில் மரிசெல்.
ஹெட்செட், சிரிப்பு, புது நம்பர்.
பொத்தானை அழுத்தியதும் பச்சையில் வந்தது:
வெளியிடப்பட்டது.
எழுந்துபோய் ஒரு சுலைமானி குடித்தேன்.
திரும்பி வந்தால்
என் திரையிலேயே எபநேசர்.

மூடித் திறந்தேன். எபநேசர்.
மரிசெல்லின் போனில் மரிசெல்.
வரவேற்பில் பத்ரியாவின் போனில் எபநேசர்.
சொஹாருக்குப் போன வேன்காரரைக் கேட்டால்
"தொப்பி போட்ட ஆள்தானே, நல்லா இருக்காரு."
சலாலாவில்தான் கூத்து:
மரிசெல்லின் முகம், எபநேசரின் நம்பர்.

"மாற்றினாயா இல்லையா?"
மாற்றியாச்சு சார், கேஷ் பிரச்சினை.
கணக்குப் பிரிவிலிருந்து
திருமேனி அண்ணன் தலையை நீட்டினார்:
"எவ்வளவு குறையுது?"

அந்தக் கேஷ் இல்லை அண்ணே.
ஒவ்வொருத்தர் கேட்கும்போதும் மூலத்துக்கு ஓட முடியாதென்று
வழியில் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள்.
பஹ்ரைனில் ஒன்று, ஃபுஜைராவில் ஒன்று,
எந்த ஊரென்றே தெரியாத குளிர்ந்த அறையில் ஒன்று
(அந்த ஏசிக்கு யார் சர்வீஸோ).
கேட்டவர் கையில் அதைக் கொடுத்து அனுப்புவார்கள்.
நேற்றுவரை அது சரியாகத்தான் இருந்தது.
எழுபத்திரண்டு மணி நேரம் ஆயுள் என்று
தளத்தை நிறுவியவன் எழுதிவிட்டான்.
அவனும் இப்போது இங்கே வேலையில் இல்லை.

எபநேசரின் சிம் என் மேசை டிராயரில்,
ஒரு பழைய பட்டன் போனுக்குள்.
பதினோரு மணிக்கு அடித்தது.
அல் குவைரில் ஒரு வீடு, தண்ணீர் சொட்டுகிறதாம்.
"எபநேசர் பாய் இல்லையா?"
ஊருக்குப் போய்விட்டார்.
"எப்போது வருவார்?"

சாயங்காலத்துக்குள் பதினான்கு அழைப்பு.
மரிசெல்லுக்கு இரண்டு,
அதில் ஒன்று வங்கிக்கடன் வேண்டுமா என்று.
சீபில் ஒரு அம்மா பேசினார்:
வெளி யூனிட்டுக்குள் புறா கூடு கட்டியிருந்ததாம்.
குஞ்சு பறக்கட்டும், பிறகு வருகிறேன் என்று
காசு வாங்காமல் போனாராம் எபநேசர்.
"குஞ்சு பறந்து ரெண்டு வாரம் ஆச்சு.
அவரைக் கொஞ்சம் அனுப்புங்க."

புதன் மதியம் யாகூப் சார்
அழைப்புப் பட்டியலை இரண்டு முறை புரட்டினார்.
பழையதையே போடு என்றார்.
ஆள்?
"ஆளை யார் கேட்டது. படத்தைப் போடு."

நாலு மணிக்கு எபநேசரை ஏற்றினேன்.
தொப்பி, ஸ்பானர், பாறை, பழைய நம்பர்.
பச்சை எழுத்து.
ஆனால் காலையிலேயே கெடு முடிந்து
எல்லா ஊரிலும் புதியது வந்துசேர்ந்திருந்தது.
என் திரையில் மரிசெல்.
பத்ரியாவின் போனில் மரிசெல்.
சொஹார் வழியில் வேன்காரர்:
"ஒரு பொண்ணு சிரிக்குது சார்."
சலாலாவில் முகமும் நம்பரும் ஒருவழியாக ஒத்துப்போயின.

"மாற்றினாயா இல்லையா?"
திருமேனி அண்ணன், தலையை நீட்டாமலே:
"இன்னும் குறையுதா?"

இரவு பத்தரைக்கு
ஹம்ரியாவில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கையில்
நாசரேத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம்.
அவருடைய போனில் எங்கள் பக்கம்.
கீழே எழுதியிருந்தார்:
"தம்பி, என் போட்டோ இன்னும் இருக்கே.
பித்தானை மட்டும் யாரோ மாத்திட்டாங்க."

அது போகாமல் தங்கிய பழைய பிரதியா,
நான் நாலு மணிக்கு ஏற்றியது
முதலில் போய்ச் சேர்ந்த இடம் அதுதானா.
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தும் பிடிபடவில்லை.
நான்தான் அண்ணே என்று தட்டி அனுப்பினேன்.

இஸ்திரிப் பெட்டியை அணைத்தபோதும்
ஒற்றை டிக்.